போத்தல் ஏன் சிவக்கவில்லை? பிஎஸ்பி வளர்ப்பவர்களுக்கு ஒரு பிழை நீக்கும் வழிமுறை

மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் எங்கள் தாமான் (குடியிருப்பு) பக்கம் வந்தால் பல வீட்டு வேலிகளில் சிவப்புத் தண்ணீர் நிரப்பிய மினரல் வாட்டர் போத்தல்கள் தொங்குவதைப் பார்க்கலாம். தெருநாயை விரட்டக் கட்டியிருக்கிறார்கள் என்றுதான் என் மாமா முதலில் நினைத்தார். அது பிஎஸ்பி, அதாவது ஒளிச்சேர்க்கை பாக்டீரியா, செடிக்கு ஊற்றுவதற்காக வளர்ப்பது. தோட்டத்து லயத்தை விட்டுத் தாமானுக்குக் குடிவந்த பிறகும் மிளகாய், கத்தரி, முருங்கை இல்லாமல் இருக்க முடியாத ஆட்கள் நாங்கள், அதனால் இந்தச் சிவப்புத் தண்ணீர் ஒரு வீட்டிலிருந்து அடுத்த வீட்டுக்குப் பரவிவிட்டது. கெட்டுப் போகும்போது மட்டும் எல்லோரும் ஒரே காரணத்தைச் சொல்கிறார்கள்: "வெத தண்ணி சரியில்ல." விதைத் தண்ணீர் என்பது புதுப் போத்தலைத் தொடங்க ஊற்றும், ஏற்கெனவே சிவந்த தண்ணீர்; பாவம், அதன் மேல் தப்பு இருப்பது அபூர்வம். பெரும்பாலும் கெட்டது நீங்கள் ஊற்றிய கார்பனுக்கும் நைட்ரஜனுக்கும் உள்ள கணக்குதான்.

என் அளவு இது: ஒரு முட்டை, ஒரு மேசைக்கரண்டி அஜினோமோட்டோ, சுண்டுவிரல் நகம் அளவு பெலாச்சான் (இறால் விழுது). மூன்றையும் நன்றாக அடித்தால் ஒன்றரை லிட்டர் போத்தல் இரண்டுக்குச் சரியாக வரும். ஒவ்வொன்றிலும் ஏற்கெனவே சிவந்த தண்ணீர் ஒரு கிளாஸ், மீதிக்கு மழைத் தண்ணீர், கழுத்து வரை. வெயில் ஒழுங்காக இருந்தால் ஒன்றிலிருந்து மூன்று வாரத்தில் சிவக்கும்.

இதில் கணக்கு எங்கே வருகிறது என்றால், ஒரு பாக்டீரியா தன் உடம்பைக் கட்ட 1 கிராம் நைட்ரஜனுக்கு ஏறத்தாழ 5 கிராம் கார்பன் கேட்கும். அஜினோமோட்டோவில் அது 1-க்கு 4.3. முழு முட்டையில், மஞ்சள் கருவின் கொழுப்பையும் சேர்த்தால், 1-க்கு 7 பக்கம். இரண்டையும் கலந்தால் பாக்டீரியா கேட்பதற்குக் கிட்டத்தட்ட வந்துவிடுகிறது. முதன்முதலில் இந்தக் கலவையைக் கண்டுபிடித்தவர் இதையெல்லாம் கணக்குப் போட்டிருக்க மாட்டார், ஆனால் கை சரியான இடத்தில்தான் விழுந்திருக்கிறது. அதோடு நிறுத்தியிருந்தால் இவ்வளவு எழுத வேண்டியதில்லை. "இன்னும் கொஞ்சம் சத்து" என்று ஒருவர் யூரியா போடுவார், இன்னொருவர் சீனிப்பாகு ஊற்றுவார், அங்கேதான் தொடங்குகிறது.

பாக்டீரியா இந்தக் கணக்கைத் தானே எப்படிப் பார்க்கிறது என்பதையும் சொல்லிவிடுகிறேன், கீழே வருகிற பாதி அறிகுறிகளுக்கு அதுதான் சாவி. செம்பனைக் குலை ஏற்றும் லோரிகளை நினைத்துக்கொள்ளுங்கள். காலி லோரிகள் வரிசையாக நின்றால் குலை வரவில்லை என்று அர்த்தம். ஏற்றிய லோரிகள் ஆலை வாசலில் நின்றால் குலை வேண்டிய மட்டும் இருக்கிறது. செல்லுக்குள் காலி லோரி 2-ஆக்ஸோகுளூட்டரேட் என்ற கார்பன் சட்டகம், குலை நைட்ரஜன். முதலில் குளூட்டமேட் ஒரு அம்மோனியாவை ஏற்றிக்கொண்டு குளூட்டமின் ஆகிறது, அப்புறம் அந்தக் குளூட்டமின் ஒரு 2-ஆக்ஸோகுளூட்டரேட்டோடு சேர்ந்து இரண்டு குளூட்டமேட் ஆகிறது. காலி லோரி குவிந்தால் நைட்ரஜன் பசி, குளூட்டமின் குவிந்தால் வயிறு நிறைந்தது. இரண்டையும் பார்த்து மற்ற புரதங்களுக்குத் தகவல் சொல்லும் மண்டோர் (மேற்பார்வையாளர்) ஒருவர் உண்டு, பி-டூ புரதம் என்று பெயர். கவனித்தீர்களா, அஜினோமோட்டோ என்பதே இந்தக் குளூட்டமேட்தான், சோடியத்தோடு சேர்ந்தது. கணக்குப் புத்தகத்தின் நடுப்பக்கத்தை எடுத்துத்தான் போத்தலுக்குள் கொட்டுகிறோம்.

சரி, இனி அறிகுறிகள்.

"பத்து நாளாச்சு, தண்ணி இன்னும் வெள்ளையாத்தான் கலங்கியிருக்கு"

முதல் மூன்று நான்கு நாள் கலங்கல் என்றால் விட்டுவிடுங்கள், அது நல்லது. முட்டைப் புரதத்தை நம் சிவப்பு ஆட்கள் முழுதாகக் கடிக்க மாட்டார்கள். வேறு பாக்டீரியாக்கள் முதலில் உடைத்துத் தர வேண்டும். அவைதான் தண்ணீரில் இருக்கும் ஆக்சிஜனையும் குடித்துத் தீர்க்கின்றன. பத்து நாள் தாண்டியும் அப்படியே என்றால் மூன்றைப் பாருங்கள். போத்தலில் காற்று இடம் விட்டிருக்கிறீர்களா? ஆக்சிஜன் தாராளமாக இருந்தால் இந்த பாக்டீரியாக்கள் நிறமியே செய்யாது, செய்ய வேண்டிய அவசியமும் அவற்றுக்கு இல்லை, நம்மைப் போல மூச்சுவிட்டே பிழைத்துக்கொள்ளும். அதனால் கழுத்து வரை நிரப்புங்கள், தினமும் மூடியைத் திறந்து மோந்து பார்க்காதீர்கள், சும்மா ஒரு தடவை சாய்த்துக் கலக்கினால் போதும்.

இரண்டாவது பைப்புத் தண்ணீர். குளோரின் போக ஒரு நாள் வாளியில் திறந்து வையுங்கள், அல்லது மழைத் தண்ணீர் பிடியுங்கள், நம் ஊரில் அதற்கு என்ன பஞ்சம். மூன்றாவது வெளிச்சம். இவை விரும்பிக் குடிப்பது நம் கண்ணுக்குத் தெரியாத 800 முதல் 900 நானோமீட்டர் வரையான அகச்சிவப்பு ஒளி. போர்ட்டிகோவில் எரியும் வெள்ளை எல்இடி விளக்கில் அது கிட்டத்தட்ட இல்லை. பழைய குண்டு பல்பு கிடைத்தால் அதில் நிறைய உண்டு. புகைமூட்டம் வந்த மாதங்களில் என் போத்தல்கள் வழக்கத்தைவிட ரொம்ப நாள் எடுத்தன, அதற்கு மருந்து பொறுமைதான்.

நிறத்தைப் பற்றி ஒரு வார்த்தை. ரத்தச் சிவப்பு வந்தால்தான் சரி என்றில்லை. பிஎஸ்பியில் ஒன்றான ரோடோபாக்டர் வகை காற்றில்லாத போத்தலில் மஞ்சள் கலந்த பழுப்பாகவும் வளரும். பழுப்பு என்பதற்காக லோங்காங்கில் கொட்டிவிடாதீர்கள்.

"புளிச்ச வாடை, நுரை, மூடி திறந்தா புஸ்ஸுங்குது"

சீனி, பாகு, அரிசி கழுவிய தண்ணீர் – ஏதோ ஒன்றைக் கூடுதலாக ஊற்றியிருக்கிறீர்கள். கார்பன் ஏராளம், நைட்ரஜன் கிட்டத்தட்ட ஒன்றுமில்லை. சீனி கிடைத்ததும் நொதிக்கும் பாக்டீரியாக்கள் முந்திக்கொண்டு அதை அமிலமாக்கிவிடும், பி.எச் 5 பக்கம் இறங்கிவிடும், நம் ஆட்களுக்கு 6.5-லிருந்து 7.5 வரைதான் சுகம். வேடிக்கை என்னவென்றால் அந்த அமிலங்கள், அசிட்டிக்கும் பியூட்டிரிக்கும், இவர்களுக்குப் பிடித்த சாப்பாடு. செம்பனை ஆலைக் கழிவுநீர்க் குட்டைகளில் இருப்பதும் அதே அமிலங்கள்தான். அவற்றை ரோடோபாக்டருக்குக் கொடுத்துப் பிளாஸ்டிக் போன்ற பொருள் செய்ய முடியுமா என்று 1990-களில் நம் நாட்டு ஆய்வாளர்களே முயன்று பார்த்திருக்கிறார்கள். ஆக, சாப்பாடு கெட்டுப்போகவில்லை, புளிப்புதான் அதிகம்.

போத்தலைக் கொட்ட வேண்டாம். கால் தேக்கரண்டி ஆப்பச் சோடா போட்டு, மீன் தொட்டிக் கடையில் விற்கிற பி.எச் காகிதத்தால் பாருங்கள், 7 வரும்வரை கொஞ்சம் கொஞ்சமாகச் சேருங்கள். பொங்கும், அதனால் வாளிக்குள் வைத்துச் செய்யுங்கள். அப்புறம் அரைத் தேக்கரண்டி அஜினோமோட்டோ, புதிதாக ஒரு கிளாஸ் சிவந்த தண்ணீர்.

ஆப்பச் சோடா புளிப்பை மட்டும் எடுக்கவில்லை என்பது எனக்கே தாமதமாகத்தான் தெரிந்தது. பியூட்டிரிக் அமிலத்தைச் சாப்பிட்டால் உடம்பு கட்டுவதற்குத் தேவையானதைவிடக் கூடுதலாக எலெக்ட்ரான் கையில் நின்றுவிடும். அதை எங்காவது இறக்கி வைத்தால்தான் அடுத்த கவளத்தைச் சாப்பிட முடியும். காற்று இருந்தால் ஆக்சிஜனில் இறக்கலாம், போத்தலில் அது இல்லை. அதனால் கார்பன் டை ஆக்சைடைப் பிடித்து அதில் இறக்கிவைக்கிறது. நாம் பள்ளியில் படித்த கால்வின் சுழற்சி இங்கே சோறாக்குவதற்கு மட்டுமில்லை, சுமை இறக்கவும்தான். மெக்கின்லி, ஹார்வுட் என்ற ஆய்வாளர்கள் இருவரும் 2010-இல் ரோடோசூடோமோனாஸ் பலஸ்ட்ரிஸ் என்ற இன்னொரு பிஎஸ்பியில் இதை அளந்தே காட்டினார்கள்: தின்ற அசிட்டேட்டின் (அசிட்டிக் அமிலத்தின் உப்பு) கார்பனில் 22 சதவீதம் கார்பன் டை ஆக்சைடாகப் போகிறது, அதில் 68 சதவீதத்தைத் திரும்பப் பிடித்துவிடுகிறது. சோடா உப்பு போடும்போது அந்தச் சுமைதாங்கியைத்தான் கூடுதலாகக் கொடுக்கிறோம்.

"மூக்கை அரிக்குது, கண்ணு எரியுது"

பக்கத்து வீட்டு அக்கா ஒருநாள் போத்தலோடு வந்தார். மூடியைத் திறந்ததும் பழைய பொதுக் கழிப்பறை வாடை.

"என்னக்கா போட்டீங்க?"

"நீ சொன்னதுதான் தம்பி. கூட ஒரு டீஸ்பூன் யூரியா. செடிக்கு நல்லதுதானே?"

செடிக்கு நல்லதுதான். ஆனால் யூரியாவில் 46 சதவீதம் நைட்ரஜன். ஒரு தேக்கரண்டியில் ஏறத்தாழ 2 கிராம் வந்துவிடும், ஒரு முழு முட்டையில் இருப்பதே 1 கிராம் பக்கம்தான். அதாவது அக்கா அந்தப் போத்தலுக்கு இன்னும் இரண்டு முட்டையின் நைட்ரஜனை ஊற்றியிருக்கிறார், அதைக் கட்டி எழுப்பக் கார்பன் மட்டும் இல்லாமல். ஏற்றிய லோரிகள் வாசலில் குவிகின்றன, குளூட்டமின் நிறைந்துவிட்டது என்று மண்டோர் கதவை மூடச் சொல்கிறார், மீதி அம்மோனியா வெளியே கிடக்கிறது, பி.எச் 9-ஐ நோக்கி ஏறுகிறது. பி.எச் ஏறியதும் அது வாயுவாக மாறி உங்கள் மூக்குக்கு வருகிறது, பாக்டீரியாவையும் கொல்கிறது.

முட்டையை மட்டும் அதிகம் போட்டாலும், அதுவும் வெள்ளைக் கருவை மட்டும் போட்டால், இதே கதைதான் நிதானமாக நடக்கும், ஏனென்றால் வெள்ளைக் கரு வெறும் புரதம். சரிசெய்ய வழி: பாதியை வாளித் தண்ணீரில் நன்றாகக் கரைத்து வாழை மரத்தடிக்கு ஊற்றுங்கள், மீதிக்கு மழைத் தண்ணீர் விட்டு, ஒரு மேசைக்கரண்டி சமையல் வினிகர் சேருங்கள். வினிகர் பி.எச்-ஐயும் இறக்கும், நைட்ரஜன் இல்லாத கார்பனும் தரும். ஒரே மேசைக்கரண்டி, கண்ணை மூடிக்கொண்டு கவிழ்க்காதீர்கள். அக்காவின் போத்தல் அடுத்த வாரமே சிவக்கத் தொடங்கியது.

"நல்லா சிவந்துடுச்சு, ஆனா போத்தல் உப்பிப் போய் நிக்குது"

எனக்குப் பிடித்த கோளாறு இது, சொல்லப்போனால் கோளாறே இல்லை. முதலில் பொய் உப்பலை ஒதுக்குங்கள்: வெயிலில் சூடேறினால் எந்தப் போத்தலும் உப்பும். ஆறிய பிறகு, இரவு எட்டு மணிக்கு, அழுத்திப் பாருங்கள். அப்போதும் கல்லு மாதிரி இருக்கிறதா? முதல் மூன்று நாளில் உப்பிப் புளித்தால் மேலே சொன்ன நொதித்தல். நன்றாகச் சிவந்த பிறகு, பகலில் மட்டும் வாயு கூடி இரவில் நின்றுவிட்டால், அது பெரும்பாலும் ஹைட்ரஜன்.

நைட்ரஜன் பசி வந்தால் இந்த பாக்டீரியாக்கள் நைட்ரஜனேஸ் என்ற நொதியைக் கட்டிக்கொண்டு காற்றின் நைட்ரஜனையே உடைக்கக் கிளம்பிவிடும். ஒரு நைட்ரஜன் மூலக்கூறை இரண்டு அம்மோனியாவாக்க 16 ஏடிபி (செல்லின் ஆற்றல் காசு), 8 எலெக்ட்ரான் செலவு, கூடவே குறைந்தது ஒரு ஹைட்ரஜன் மூலக்கூறு வெளியேறும். உடைக்க நைட்ரஜனே இல்லாவிட்டால் எல்லா எலெக்ட்ரானும் ஹைட்ரஜனாகப் போகும். 1949-இல் ஹோவர்ட் கெஸ்ட், மார்ட்டின் கேமன் இருவரும் அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் நகரில் ரோடோஸ்பைரில்லம் ரூப்ரம் என்ற சிவப்பு பாக்டீரியாவை வளர்த்தபோது வாயு வருவதைப் பார்த்தார்கள். குளூட்டமேட் கொடுத்தால் வாயு வருகிறது, அம்மோனியம் உப்பு கொடுத்தால் வருவதில்லை. அந்த வித்தியாசத்தைப் பிடித்துக்கொண்டு போய்த்தான் இந்த பாக்டீரியா காற்றின் நைட்ரஜனை நிலைநிறுத்துகிறது என்றே கண்டுபிடித்தார்கள். அவர்கள் கொடுத்ததும் குளூட்டமேட், நாம் கொடுப்பதும் குளூட்டமேட்.

கார்பன் கணக்கும் நைட்ரஜன் கணக்கும் எவ்வளவு நெருக்கம் என்பதற்கு இன்னொன்று. அமெரிக்காவின் ஒஹாயோவில் டபிட்டா என்ற ஆய்வாளரின் ஆய்வகத்தில் கால்வின் சுழற்சி வேலை செய்யாத பாக்டீரியாக்களை வைத்துப் பார்த்தார்கள், 1996-இல் வெளியிட்டார்கள். சுமையைக் கார்பன் டை ஆக்சைடில் இறக்க வழியில்லை. என்ன செய்தன தெரியுமா? அம்மோனியா தாராளமாக இருக்கும்போதே, மூடியிருக்க வேண்டிய நைட்ரஜனேஸைத் திறந்துவிட்டன. நைட்ரஜனுக்காக இல்லை, எலெக்ட்ரானை ஹைட்ரஜனாக வெளியே தள்ளுவதற்கு. முன்வாசல் அடைத்தால் பின்வாசல். ஒரு செல் தன் வரவுசெலவை இவ்வளவு சாமர்த்தியமாகப் பார்ப்பதைப் படித்துவிட்டு என் வங்கிக் கணக்கைப் பார்த்தால் வெட்கமாக இருந்தது.

செய்ய வேண்டியது: மூடியைச் சற்றுத் தளர்த்தி வாயுவை விட்டு உடனே இறுக்குங்கள். திறந்த வெளியில் செய்யுங்கள், வாயில் சிகரெட்டோடு செய்யாதீர்கள், ஹைட்ரஜன் வாடையில்லாமல் பற்றும். கண்ணாடிப் போத்தலில் வளர்க்கவே வேண்டாம்.

"பச்சையா ஆயிடுச்சு"

பாசி. உணவு போதவில்லை, காற்று புகுந்திருக்கிறது, வேறு ஒன்றுமில்லை. கொட்டிவிட்டுப் போத்தலைக் கழுவித் திரும்பத் தொடங்குங்கள்.

ஸ்பைருலினா என்ற, சாப்பிடக்கூடிய நீலப்பச்சை பாக்டீரியாவை வளர்ப்பவர்களுக்கு நேர் எதிரான கவலை: நீலப்பச்சையாக இருக்க வேண்டிய தொட்டி மஞ்சளாகிறது. அது நைட்ரஜன் பட்டினி. ஸ்பைருலினாவால் காற்றிலிருந்து நைட்ரஜன் எடுக்க முடியாது, அதை வளர்க்கும் வழக்கமான சாருக் (Zarrouk) கரைசலில் லிட்டருக்கு 2.5 கிராம் சோடியம் நைட்ரேட் போடுவதே அதனால்தான். அது தீர்ந்தால் நீலப்பச்சை பாக்டீரியாக்கள் ஒளி பிடிக்கும் நீல நிறமித் தொகுதியையே பிரித்துத் தின்னத் தொடங்கும், வீட்டுப் பலகையைப் பிடுங்கி அடுப்பெரிப்பது போல. அங்கேயும் அதே காலி லோரிதான் சைகை: 2-ஆக்ஸோகுளூட்டரேட் குவிகிறது, என்டிசிஏ என்ற புரதம் விழிக்கிறது, கார்பன் கிளைக்கோஜனாகச் சேமிப்புக்குப் போகிறது. சினெகோசிஸ்டிஸ் என்ற வகையை இப்படி வெளுக்கவிட்டு மறுபடி நைட்ரேட் கொடுத்தால் இரண்டே நாளில் பச்சைக்குத் திரும்பிவிடுகிறது. அதனால் தொட்டி வெளுத்த உடனே செத்துவிட்டது என்று முடிவு கட்டாதீர்கள்.

"கறுத்துப் போச்சு, அழுகின முட்டை நாத்தம்"

முட்டையும் பெலாச்சானும் அதிகம், வெயில் குறைவு. முட்டைப் புரதத்தின் கந்தகம் ஹைட்ரஜன் சல்பைடாகிவிட்டது. இதைக் காப்பாற்ற நேரம் செலவழிக்காதீர்கள். முகத்தைத் தள்ளி வைத்துக்கொண்டு, ஆள் நடமாட்டமில்லாத இடத்தில் குழி தோண்டி ஊற்றி மூடுங்கள்.

"செவந்தது, அப்புறம் அப்படியே நின்னு அடியில படிஞ்சிடுச்சு"

உணவு தீர்ந்திருக்கலாம், அல்லது மேலே இருக்கும் கூட்டமே கீழே இருப்பவற்றுக்கு வெளிச்சத்தை மறைக்கலாம். சாய்த்துக் கலக்கி இரண்டு நாள் பாருங்கள். வினிகரோ பாகோ அதிகம் போட்ட போத்தல் இப்படி நின்றால் நைட்ரஜன் தீர்ந்துவிட்டது என்று பொருள், கட்ட முடியாத கார்பனைச் செல்கள் பிஎச்பி என்ற கொழுப்பு மாதிரித் துணுக்குகளாக உள்ளே அடைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும். ஒரு சிட்டிகை அஜினோமோட்டோ போதும், எழுந்துவிடும்.

"எல்லாம் சரியா வந்துச்சு, ஊத்தினேன், செடியில ஒன்னும் தெரியல"

அதே வாரம் யூரியா போட்டீர்களா? பெரும்பாலும் பதில் ஆமாம் என்றுதான் வரும். யூரியா மண்ணில் சில நாளில் அம்மோனியமாகிவிடும். அம்மோனியம் கிடைத்ததும் குளூட்டமின் ஏறும், மண்டோர் தகவல் சொல்வார், ரோடோஸ்பைரில்லத்தில் நைட்ரஜனேஸின் இரும்புப் புரதத்தில் 101-ஆம் இடத்தில் இருக்கும் ஆர்ஜினின் என்ற அமினோ அமிலத்தின் மேல் ஒரு பூட்டு விழும். நொதி அழிவதில்லை, பூட்டப்படுகிறது. அம்மோனியம் தீர்ந்தால் வேறொரு நொதி வந்து பூட்டைக் கழற்றும். வெளிச்சம் போனாலும் இதே பூட்டுதான். சும்மாவே நைட்ரஜன் கிடைக்கும்போது 16 ஏடிபி செலவு செய்ய அதற்கென்ன பைத்தியமா?

பூட்டு இல்லாவிட்டாலும் மிளகாய்ப் பையின் மண் இருட்டு, காற்றோட்டம் உள்ளது, நைட்ரஜனேஸுக்கு ஆக்சிஜன் ஆகாது. ஆக அந்தப் பையில் இவை காற்றிலிருந்து பெரிதாக நைட்ரஜன் பிடித்துத் தரும் என்று நான் நம்பவில்லை. தண்ணீர் நிற்கும் வயல் வேறு விஷயம், அங்கே ஈரம், வெளிச்சம், ஆக்சிஜன் குறைவு மூன்றும் ஒன்றாகக் கிடைக்கும். இதைச் சொன்னபோது அக்கா கேட்டார்: "அப்போ நான் இத்தன நாளா முட்டையத்தான் கரைச்சு ஊத்தினேனா?" பெரும்பகுதி அப்படித்தான் அக்கா, ஆனால் நாற்றமில்லாமல், வேரைச் சுடாத பக்குவத்தில்.

அதனால் யூரியா வாரத்தையும் போத்தல் வாரத்தையும் பிரித்துவிடுங்கள். ஒரு பங்கு சிவப்புத் தண்ணீருக்கு நூறு பங்கு தண்ணீர், சாயங்காலம், மண்ணுக்கு. பச்சையாகச் சாப்பிடும் உலாம் இலைகள் மேல் தெளிக்காதீர்கள், பச்சை முட்டையில் வளர்ந்தது என்பதை மறக்க வேண்டாம். ஊற்றி முடித்ததும் சோப்புப் போட்டுக் கை கழுவுங்கள், அடுத்த போத்தலுக்கு ஒரு கிளாஸ் எடுத்து வைத்துவிட்டு.